ஐந்து மாதமாக நிற்காத இருமல்: சிடி ஸ்கேனுக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 58 வயது. ஐந்து மாதமாக வறட்டு இருமல், இரவில் கொஞ்சம் கூடுதல். காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் நார்மல். மூன்று மருத்துவர்கள் மாறி மாறி ஆன்டிபயாடிக்கும் சிரப்பும் எழுதிவிட்டார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்து சிடி ஸ்கேன் எடுத்துவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஸ்கேன் தேவைப்படும் நோயாளிகள் உண்டு. அவர்கள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் எக்ஸ்ரே தெளிவாக இருந்து, சளியில் ரத்தமோ எடைக் குறைவோ இல்லாமல், மாதக்கணக்கில் வறட்டு இருமல் மட்டும் இருக்கும் ஒருவருக்குக் காரணம் பெரும்பாலும் படத்தில் விழுகிற இடத்தில் இருப்பதில்லை. பொறுமையாகக் கேள்வி கேட்டும், சந்தேகப்படும் ஒன்றை நிறுத்திப் பார்த்தும், சந்தேகப்படும் ஒன்றுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தும்தான் அதைப் பிடிக்க முடியும். நிறுத்திப் பார்க்கவும் கொடுத்துப் பார்க்கவும் வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். நம் வீடுகளில் கிடைக்காதது அந்த அவகாசம்தான். ஐந்து நாள் மருந்து சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை என்றால் டாக்டரை மாற்றிவிடுகிறோம். புதிய டாக்டர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். அதே ஆன்டிபயாடிக் வேறு கம்பெனிப் பெயரில் வீட்டுக்கு வருகிறது.

எவ்வளவு நாள் இருமினால் அது தொடர் இருமல் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரண ஜலதோஷத்துக்குப் பின் வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கும். வைரஸ் கிருமி போன பிறகும் மூச்சுக்குழாயின் உள்சுவர் புண்பட்டுக் கிடப்பதால் சிலருக்கு எட்டு வாரம் வரை இழுக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் எந்த வகையிலும் உதவாது. பெரியவர்களுக்கு எட்டு வாரத்தையும், குழந்தைகளுக்கு நான்கு வாரத்தையும் தாண்டினால்தான் காரணம் தேடும் வேலை முறையாகத் தொடங்குகிறது. காசநோய் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது: நம் நாட்டில் இரண்டு வாரம் இருமினாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசு திட்டத்தின் விதி.

இருமல் என்றதும் நுரையீரலை நினைக்கிறோம். இருமலைத் தூண்டும் செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது வேகஸ் என்ற நரம்பு. அது தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. அதன் ஒரு சிறு கிளை காதுத் துவாரத்துக்கும் வருகிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிக் ஆர்னால்டின் பெயரால் அந்தக் கிளையை ஆர்னால்டு நரம்பு என்கிறோம். பட்ஸ் வைத்துக் காது குடையும்போது சிலருக்குக் கமறி இருமல் வருவது இதனால்தான். காதில் குறும்பி அடைத்தோ, உதிர்ந்த முடி ஒன்று செவிப்பறையில் உரசியோ மாதக்கணக்கில் இருமியவர்களும் உண்டு. அரிது என்றாலும், காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும் என்பதால் நான் எப்போதும் பார்த்துவிடுவேன். வேகஸ் நரம்பு போகிற எந்த இடத்தில் உரசல் இருந்தாலும் வெளியே கேட்பது ஒரே சத்தம்தான். நார்மலான மார்பு எக்ஸ்ரே அந்தப் பாதையின் ஒரு பகுதியைப் பற்றித்தான் பேசுகிறது.

நான் கேட்கும் முதல் கேள்வி, இருமல் தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா என்பது. "ஜலதோஷம் பிடித்தது, அதிலிருந்து போகவில்லை" என்பார்கள் பலர். அது ஒரு திசை. "எப்போது என்றே தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது" என்பார்கள் சிலர். அது வேறு திசை. வெகு சிலர்தான் நாளையும் நேரத்தையும் சொல்வார்கள், அவர்களை விடவே கூடாது. எட்டு மாதமாக ஆஸ்துமா என்று இன்ஹேலர் எடுத்துவந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டால் வலது பக்கம் கீழே மட்டும் விசில் சத்தம். இடது பக்கம் சுத்தம். ஆஸ்துமா இப்படி ஒரு பக்கமாக நிற்காது. தொடங்கிய நாளைக் கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. கூட வந்த மனைவிதான், "பேத்தி காதுகுத்து அன்றைக்கு, தாம்பூலம் போட்டுக்கொண்டு சிரித்தீர்களே, புரையேறி மூச்சே நின்றதே" என்றார். மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது ஊறி உப்பிய ஒரு பாக்குத் துண்டு கிடைத்தது. பாக்கு, புளியங்கொட்டை, வேர்க்கடலை எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. உலோகமும் எலும்பும்தான் தெரியும். உங்கள் அம்மாவுக்கு இது இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. கேள்விக்கு விடை சில சமயம் நோயாளியிடம்கூட இருக்காது, பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

அடுத்து மாத்திரை. நீங்கள் எழுதியதில் எனக்கு உடனே கண்ணில் பட்டது, ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் விட்டது. எனலாப்ரில், ரமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று "ப்ரில்" என முடியும் ஒரு மருந்துக் குடும்பம் இருக்கிறது. ஏசிஇ தடுப்பான்கள் என்பது அதன் பொதுப் பெயர். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்துக்கும் மிக நல்ல மருந்துகள். ஆனால் எடுத்துக்கொள்பவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு இவை வறட்டு இருமலைத் தருகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தொண்டைக் குழியில் இறகு வைத்து வருடுவது போல இருக்கிறது என்பார்கள், சளி வராது.

பிரேசில் நாட்டு விரியன் வகைப் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பம் இது. பிராடிகைனின் என்ற பொருளை உடல் சிதைக்க விடாமல் அந்த விஷம் தடுக்கிறது. கடிபட்டவரின் ரத்த அழுத்தம் சரிய அதுவும் ஒரு காரணம். அதே வழியைப் பின்பற்றித்தான் கேப்டோப்ரில் என்ற முதல் மாத்திரை உருவாகி 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிதையாமல் தேங்கும் பிராடிகைனின் மூச்சுக்குழாயின் நரம்பு முனைகளை உறுத்துவதால்தான் இருமல் வருகிறது என்பது பொதுவான விளக்கம். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் செயலோடு ஒட்டியே வரும் தொல்லை என்பதால் மருந்தின் அளவைக் குறைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாது.

இதில் குடும்பங்கள் ஏமாறும் இடம் இரண்டு. முதலாவது, "இந்த மாத்திரையை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார், இருமல் ஐந்து மாதமாகத்தானே" என்ற வாதம். மாத்திரை தொடங்கிய சில மணி நேரத்திலும் இருமல் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். ஆகவே அந்த வாதம் செல்லாது. இரண்டாவது, மாத்திரையை மாற்றி ஒரு வாரம் பார்த்துவிட்டு, "நிற்கவில்லை, இது காரணம் இல்லை" என்று முடிவு கட்டுவது. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். அந்த மூன்று மாதமும் முடியாமல் அந்த மருந்தை நிரபராதி என்று விடுவிக்கக் கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. எழுதிய மருத்துவரிடம் கேட்டால் லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற "சார்ட்டான்" வகைக்கு மாற்றித் தருவார். அவற்றில் இந்த இருமல் மிக அரிது.

மாத்திரை என்றால் வாயில் போடுவதை மட்டும் எண்ணாதீர்கள். கண் நீர் அழுத்தத்துக்காகப் போடும் டிமோலால் சொட்டு மருந்து கண்ணிலிருந்து மூக்கு வழியாக உடலுக்குள் போய் மூச்சுக்குழாயைச் சுருக்கக் கூடியது. ஆஸ்துமா மறைந்திருக்கும் ஒருவருக்கு அது இருமலாக வெளிப்படும். "வேறு என்ன மருந்து?" என்று கேட்டால் கண் சொட்டு மருந்தைச் சொல்லும் நோயாளியை நான் பார்த்ததில்லை. இதயத் துடிப்புக்காகக் கொடுக்கும் அமியோடரோனும், சிறுநீர்த் தொற்று திரும்ப வராமல் நீண்ட நாள் கொடுக்கும் நைட்ரோஃபியூரன்டாயினும் நுரையீரலையே இறுக்கி இருமலும் மூச்சுத் திணறலும் தரலாம்.

காசநோயைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். சித்த, ஆயுர்வேத நூல்களில் காசம் என்றால் இருமல் என்றே பொருள். உடலைத் தேய்க்கும் நோயைக் கயரோகம், சயரோகம் என்றுதான் சொன்னார்கள். காலப்போக்கில் இருமலின் பெயரே அந்த ஒரு நோய்க்குப் பட்டா ஆகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, சளியைப் பரிசோதிக்கச் சொன்னாலே குடும்பத்தார் முகம் மாறுகிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால், உங்கள் அம்மாவுக்கு இந்தப் பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை என்றால் அதை உடனே செய்துவிட வேண்டும். நார்மலான எக்ஸ்ரே காசநோயின் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கிறது என்பது சரிதான். ஆனால் மூச்சுக்குழாயின் உள்சுவரில் மட்டும் தங்கும் காசநோய் எக்ஸ்ரேயில் எதையும் காட்டாமல் இருக்கக் கூடும்.

அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். சிபிநாட், ட்ரூநாட் என்ற இயந்திரங்கள் கிருமியின் மரபணுவைத் தேடிச் சில மணி நேரத்தில் விடை சொல்லிவிடுகின்றன. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடும். இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டப்பாவில் எச்சில் இருந்தால் பயன் இல்லை. காலையில் பல் துலக்கும் முன் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, கடைசி மூச்சோடு அடிவயிற்றிலிருந்து இருமி எடுக்க வேண்டும். டப்பாவைச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடுவது எச்சில். இழுபட்டு மெதுவாக நகர்வதுதான் சளி. வறட்டு இருமல் உள்ளவருக்கு உப்புக் கரைசலை நெபுலைசரில் கொடுத்துச் சளி வரவழைக்கலாம்.

அச்சத்துக்கு ஒரு பதிலும் உண்டு. காசநோயாளியை சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கையை உடைத்தது நம் சென்னையில் நடந்த ஆய்வு. 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைவது நிரூபிக்கப்பட்டது; உலகம் முழுவதும் வீட்டுச் சிகிச்சைக்கு வழி பிறந்தது அங்கிருந்துதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காரணம் தெரியாத இருமலுக்கு லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். பத்து நாள் இருமல் குறைந்து, நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போய், கிருமி அந்த மருந்துக்குப் பழகியும்விடும். அம்மாவின் பழைய சீட்டுகளில் இந்தப் பெயர் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரையும் காசநோயும் இல்லை, புகைபிடிக்கும் பழக்கமும் இல்லை, எக்ஸ்ரேயும் நார்மல் என்றால், எஞ்சும் பொதுவான காரணங்கள் மூக்கு, ஆஸ்துமா, எதுக்களிப்பு என்ற மூன்றில் ஒன்று, அல்லது இரண்டு சேர்ந்தது. "அல்லது இரண்டு சேர்ந்தது" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒன்றுக்கு மருந்து கொடுத்துப் பாதி குறைந்தால், மீதிப் பாதிக்கு அடுத்த காரணத்தைத் தேடும்போது முதல் மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரண்டாவது மருந்து வேலை செய்தாலும் தெரியாமல் போகும்.

மூக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வரிசையாகத் தும்மல், மூக்கடைப்பு, தொண்டையின் பின்புறம் எதோ வழிவது போன்ற உணர்வு, அடிக்கடி கனைத்துத் தொண்டையைச் சரிசெய்வது இவைதான் அடையாளம். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயைச் சில வாரம் ஒழுங்காக அடித்துப் பார்க்க வேண்டும். தலையை அண்ணாந்து நேராக மேலே அடித்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், நுனி வெளிப்பக்கம் அதே பக்கக் காதை நோக்கி இருக்கும்படி அடிக்க வேண்டும்.

ஆஸ்துமா என்றால் இளைப்பும் வீசிங்கும் இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இருமலைத் தவிர வேறு எந்த அறிகுறியும் இல்லாத ஆஸ்துமா உண்டு. 1979-ல் அமெரிக்க மருத்துவர் கொராவோவும் அவருடைய சகாக்களும் அப்படிப்பட்ட ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதைப் பரவலாக அறியச் செய்தது. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ இருமி எழுந்திருப்பது, ஊதுபத்தி, தாளிக்கும் நெடி, ஏசிக் காற்று, சிரிப்பு இவற்றால் இருமல் கிளம்புவது, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ அலர்ஜியோ இருப்பது எல்லாம் இந்தப் பக்கம் கை காட்டுகின்றன. உங்கள் அம்மாவுக்கு இரவில் கூடுதல் என்பதால் மாத்திரைக்கு அடுத்து என் சந்தேகம் இங்கேதான். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை இவர்களுக்குப் பல சமயம் நார்மலாகவே வரும். அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது. நான்கு முதல் எட்டு வாரம் இன்ஹேலர் ஸ்டீராய்டு கொடுத்து, இருமல் அடங்குகிறதா என்று பார்ப்பதே நடைமுறையில் பரிசோதனை. ஆஸ்துமா இல்லாமலே மூச்சுக்குழாயில் ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் சேர்ந்து இருமல் தரும் ஒரு வகையும் இருக்கிறது. அதுவும் இதே மருந்துக்குக் கட்டுப்படும் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"இன்ஹேலர் பழகிவிடும்" என்ற பயம் உங்கள் வீட்டிலும் எழும். பழகும் பொருள் எதுவும் அதில் இல்லை. இருமலுக்குச் சாப்பிட்ட கோடீன் கலந்த சிரப்தான் பழக்கமாகும். அதைக் குடிக்கக் கொடுக்கும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஸ்பேசர் என்ற குடுவையோடு, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை நிறுத்தி, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மருந்து பலிக்கவில்லை என்று வந்தவர்களை என் முன்னாலேயே ஒருமுறை இழுக்கச் சொல்வேன். பாதிப் பேருடைய மருந்து உதட்டோரமாகப் புகையாக வெளியே போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எதுக்களிப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு. இரைப்பை அமிலம் மேலேறி இருமலைத் தருவது உண்மை. ஆனால் நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ எதுவும் இல்லாதவருக்கும் "கேஸ்தான் காரணம்" என்று மாதக்கணக்கில் பான்டோபிரசோல் கொடுப்பதால் இருமல் குறைவதில்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறிகுறி இருந்தால் மருந்தோடு பழக்கத்தையும் மாற்ற வேண்டும்: இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒரு செங்கல். சீரியல் முடிந்து பத்து மணிக்குத் தோசை சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பவருக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? இதற்குப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். பழைய தலைமுறையில் யாருக்கு இளைப்பு வந்தாலும் "ஈஸ்னோபீலியா" என்பார்கள். அந்தச் சொல் ஊருக்குள் வந்ததற்கு உண்மையான நோய் ஒன்று பின்னால் இருந்தது. யானைக்கால் புழுவின் நுண்ணிய குஞ்சுகளுக்கு உடல் மிகையாக எதிர்வினை காட்டும்போது இரவு நேரத்தில் கடும் இருமலும் இளைப்பும் வரும். ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000-க்கு மேல் ஏறும். ஆந்திராவின் மதனப்பள்ளி சானடோரியத்தில் பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-ல், காசநோய் போலத் தோன்றும் ஆனால் காசநோய் அல்லாத நிலை என்று இதை விவரித்தார்கள். 1943-ல் வைன்கார்ட்டன் இதற்கு வெப்ப மண்டல ஈசினோஃபிலியா என்று பெயர் வைத்தார். டைஎத்தில்கார்பமசின் மாத்திரை மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இது இளம் ஆண்களுக்கே அதிகம், யானைக்கால் நோயும் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து ஈசினோஃபில் எண்ணிக்கை எவ்வளவு என்று பாருங்கள். "நார்மல்" என்று உங்களிடம் சொல்லப்பட்ட அறிக்கையில் அந்த வரி சில சமயம் தடித்த எழுத்தில் இருக்கும்.

பிறகு வீடும் வேலையும். விறகடுப்பில் பல ஆண்டுகள் சமைத்த பெண்ணின் நுரையீரல் புகைபிடித்தவருடையதைப் போலவே கெடலாம். "சிகரெட் பிடிப்பதில்லை" என்ற விடையோடு நிறுத்தாமல் அடுப்பைக் கேட்க வேண்டும். மூடிய அறையில் கொசுவத்திச் சுருள், தினமும் சாம்பிராணி, பால்கனியில் புறா இவற்றையும் கேட்க வேண்டும். புறா எச்சத்தின் தூசு சிலருக்கு நுரையீரல் அழற்சியைத் தருகிறது. ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்தால் குறைந்து, திரும்பியதும் கூடும் இருமல் அதற்கான துப்பு. கோவை, ராஜபாளையம், திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளில் வேலை செய்தவர்களிடம், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கமும் இருமலும் கூடுதலா என்று கேட்பேன். பஞ்சுத் தூசு நோய் அந்த நாளில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இனி ஸ்கேன். சளியில் ரத்தம், காரணமின்றி எடை குறைவது, குரல் கம்மி மூன்று வாரம் ஆகியும் சரியாகாதது, நீண்ட காலப் புகைப் பழக்கம், விரல் நுனிகள் உருண்டு நகம் வளைவது, தினமும் கோப்பையளவு சளி, நடந்தால் மூச்சு வாங்குவது, முதுகின் கீழ்ப்பகுதியில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஒலி கேட்பதாக மருத்துவர் சொல்வது இவற்றில் எது இருந்தாலும் நான் மேலே சொன்ன பொறுமை எதுவும் வேண்டாம். உடனே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். இதயத்தின் நிழலுக்குப் பின்னால் இருக்கும் கட்டி எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும். படுத்தால் இருமலும் திணறலும் வந்து எழுந்து உட்கார்ந்தால் குறைந்தால், காலும் வீங்கினால், அது இதயம் பலவீனப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர் என்பதால் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று அம்மாவிடம் இன்றே கேளுங்கள். எதுவும் இல்லை என்றால், மேலே சொன்ன மருந்துகளை உரிய வாரங்கள் கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லாதபோது ஸ்கேன் எடுக்கலாம்.

எல்லாம் பார்த்தும் எதுவும் கிடைக்காதவர்கள் ஒரு பகுதியினர் உண்டு. இவர்களில் நடுவயதைக் கடந்த பெண்களே அதிகம். இருமல் நரம்பே கூர்மைப்பட்டு, சாதாரணக் காற்றுக்கும் பேச்சுக்கும் எதிர்வினை காட்டும் நிலை இது. "மனசுதான் காரணம்" என்று இவர்களை அனுப்பிவிடுவது அநியாயம். பேச்சுப் பயிற்சியாளரிடம் இருமலை அடக்கும் முறையைக் கற்பது, கபாபென்டின் அல்லது மிகக் குறைந்த அளவு மார்ஃபின் போன்ற மருந்துகள் சிலருக்கு நல்ல பலன் தருகின்றன. இந்த நரம்பின் ஏற்பியை நேராக அடைக்கும் ஜெஃபாபிக்சன்ட் என்ற மருந்துக்கு ஜப்பான் 2022-லும் ஐரோப்பா 2023-லும் அனுமதி கொடுத்தன, அமெரிக்கா மறுத்துவிட்டது. சாப்பிடுபவர்களில் பலருக்கு நாக்கின் சுவை போய்விடுவது அதன் குறை.

இன்னொன்றை மகனிடமோ மகளிடமோ எந்த அம்மாவும் சொல்ல மாட்டார்: இருமும்போது சிறுநீர் கசிவது. தொடர் இருமல் உள்ள பெண்களில் மிகப் பலருக்கு இது இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு வர மறுப்பது, பஸ்ஸில் போகத் தயங்குவது, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது இதனால் இருக்கலாம். வீட்டில் ஒரு பெண் தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவார். இடுப்புத்தளப் பயிற்சியால் வெகுவாகக் குறைக்க முடியும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கண் சொட்டு மருந்து உட்பட எல்லா மருந்துப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: இருமல் தொடங்கிய மாதமும் அதற்கு முன் நடந்ததும், ஒவ்வொரு மாத்திரையும் எந்த மாதத்தில் சேர்க்கப்பட்டது, இரவில் எத்தனை மணிக்கு இருமி எழுகிறார், இதுவரை கொடுத்த மருந்துகளை எத்தனை நாள் உண்மையில் சாப்பிட்டார். அந்தத் தாளை எழுதத் தொடங்கும் முன் ரத்த அழுத்த மாத்திரையின் பட்டையைத் திருப்பி, பளபளப்பான பின்பக்கத்தில் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். அது "ப்ரில்" என்று முடிந்தால், ஸ்கேனுக்கு நாள் குறிப்பதற்குப் பதிலாக அந்த மாத்திரையை எழுதிய மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.